கூடாரத்து உச்சிக்கு ஒரு வைப்பர் மோட்டார்

மீரிம் கல்யாணமாகி வந்தபோது அவளுடைய பெட்டியை வண்டியிலிருந்து இறக்க இரண்டு ஆண்கள் போதவில்லை. மாமியார் ஊல்கானுக்கு வாயெல்லாம் பல். மருமகள் கொண்டுவரும் பெட்டி கனக்கிறது என்றால் உள்ளே மெத்தையும் கம்பளமும் திணித்துக் கிடக்கிறது என்றுதான் கோச்கோர் ஊரில் எந்த மாமியாரும் நினைப்பாள். ஊல்கானும் அப்படித்தான் நினைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டு மூடியைத் தூக்கினாள். மேலே இரண்டு பட்டு மெத்தைகள். அவற்றைத் தூக்கினால் கீழே ஒயர். ஒயருக்குக் கீழே செத்துப்போன சலவை மெஷினின் மோட்டார், ரேடியோக்களின் வயிற்றில் இருக்கும் பச்சைத் தகடுகள், பொம்மைக் கார்ச் சக்கரங்கள், ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற கோல், அப்புறம் ஒரு பழைய லாடா காரின் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் மோட்டார்.

"இது என்னம்மா பொண்ணு?" என்று கேட்டாள் ஊல்கான். சிரிப்பு அவள் முகத்தில் பாதியில் நின்றுவிட்டது.

"வைப்பர் மோட்டார் அத்தே. நல்லா ஓடுது" என்றாள் மீரிம், ஏதோ அதுதான் கேள்வி என்பது போல.

அக்கம்பக்கத்துப் பெண்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை ஊல்கான் மறக்கவே இல்லை. மறக்கிற ஆளும் இல்லை அவள்.

மீரிமுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் கடைவீதியில் கைபேசி உறை விற்கும் கடையில் உட்கார்ந்திருந்தாள். வியாபாரம் இல்லாத நேரத்தில் கைபேசியில் வீடியோ பார்ப்பாள். மற்றப் பெண்கள் பாட்டும் ஆட்டமும் பார்த்தால், இவள் எங்கோ ஒருவன் ஒரு பெட்டியைத் திருகி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவதைப் பார்ப்பாள். அப்புறம் அதைச் செய்து பார்ப்பாள். வயிற்றுப்பாட்டுக்கு அல்ல. சிலருக்குக் கை பின்னிக்கொண்டே இருக்கும், சிலருக்கு வாய் பேசிக்கொண்டே இருக்கும். இவளுக்குக் கழற்றி மாட்டாவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே வீடு மாறிப்போனது. வாசற்கதவைத் திறந்தால் குயில் கூவியது. விடிந்து வெளிச்சம் பட்டதும் கோழிக்கூட்டின் கதவு தானே மேலே போனது. இருட்டினால் நாயின் கழுத்துப் பட்டையில் சிவப்பு விளக்கு மினுக்கியது. புருஷன் எர்மெக்குக்கு நாயின் விளக்குதான் உயிர். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டுவான். மாமனார் ஜுமாகதிர் குயிலுக்கு மயங்கிவிட்டார். வேலை இல்லாவிட்டாலும் வெளியே போய்விட்டு உள்ளே வருவார். ஊல்கான் மட்டும் கொல்லைப்பக்கத்து வழியாகவே நடந்தாள்.

கோடை வந்தது. எல்லோரையும் போல அவர்களும் ஆடு, குதிரை, கூடாரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சோங்குல் ஏரிக்கரைக்கு மேலேறினார்கள். அங்கே குதிரைப்பாலைத் தோல்பையில் ஊற்றி நாள் முழுக்கக் கடைய வேண்டும், அப்போதுதான் குமிஸ் புளித்து நுரைக்கும். மாமியாரின் தோள்பட்டை வலிக்கிறதே என்று மீரிம் கடைகிற மத்தில் சலவை மெஷின் மோட்டாரைக் கட்டினாள். நல்ல எண்ணம்தான். ஆனால் துணி துவைக்கிற மோட்டாருக்குப் பாலின் அருமை தெரியுமா? ஒரு சுற்றுச் சுற்றியது, தோல்பையின் வாய் பிளந்தது, நுரை பீய்ச்சிக்கொண்டு போய் ஜுமாகதிரின் வெள்ளைக் கம்பளித் தொப்பியில் வழிந்தது. ஆண்பிள்ளையின் தலைத் தொப்பி. அதன் மேல் ஒரு தூசு படக்கூடாது என்று நினைக்கிற ஊர் அது.

"குடிச்சுக் குடிச்சு வயித்துக்குள்ள போனது போதாதுன்னு இப்ப தலை வழியாவும் போகுது" என்று அவர் நுரையை வழித்து நக்கிக்கொண்டார். ஊல்கான் சிரிக்கவில்லை.

இரண்டாவது கோடையில்தான் அந்தக் கூடாரத்து உச்சி விஷயம் வந்தது.

கம்பளக் கூடாரத்தின் உச்சியில் வட்டமாக ஒரு மரவளையம் இருக்கும், துந்துக் என்பார்கள். புகை போவதும் அது வழியாக, வெளிச்சம் வருவதும் அது வழியாக. அதன் மேல் கிடக்கும் மூடுகம்பளத்தைக் கயிற்றை இழுத்துத் திறக்கலாம், மூடலாம். விடியற்காலையில் அதைத் திறப்பது மருமகளின் வேலை. மழை வந்தால் ஓடி வந்து மூடுவதும் அவள் வேலைதான். சோங்குல்லில் மழை சொல்லிவிட்டா வருகிறது? ஒருநாள் எல்லோரும் குதிரைகளைக் கறக்கப் போயிருந்தபோது ஆலங்கட்டியாகக் கொட்டியது. திரும்பி வந்து பார்த்தால் மாவு மூட்டை களியாகிக் கிடக்கிறது, மெத்தையெல்லாம் சொட்டுகிறது. மீரிமும் பால் கறக்கத்தான் போயிருந்தாள். ஆனாலும் திட்டு அவளுக்குத்தான்.

மறுநாளே அவள் வைப்பர் மோட்டாரை வெளியே எடுத்துவிட்டாள். அதில் ஒரு நூற்கட்டையைப் பொருத்திக் கயிற்றைச் சுற்றவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் மூடியில் இரண்டு செப்புக்கம்பிகளைச் சீப்புப் பற்கள் போல ஒன்றையொன்று தொடாமல் பதித்து துந்துக்கின் விளிம்பில் கட்டினாள். கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் விழுந்தால் மின்சாரம் ஓடும், மோட்டார் சுற்றும், கயிறு இழுபடும், உச்சி மூடிக்கொள்ளும். இதற்கு மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து நிரம்பும் பழைய லாரி பேட்டரியில் இருந்து.

அடுத்த மழையில் ஊல்கான் பால் குடத்தோடு விழுந்தடித்து ஓடி வந்தாள். வந்து பார்த்தால் கூடாரம் மூடியிருக்கிறது, உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை.

"யாருடி மூடினது?"

"மழையே மூடிக்கிச்சு அத்தே."

ஊல்கான் நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தாள். மாவு நனையாதது சந்தோஷம்தான். ஆனால் நெஞ்சில் ஏதோ உறுத்தியது.

"துந்துக்குங்கறது வீட்டோட கண்ணு. அதைத் திறக்கறதும் மூடறதும் மனுஷக் கையால நடக்கணும். காரைத் துடைக்கிற சாமானால இல்ல" என்றாள்.

"மனுஷக் கைய நம்பினப்பதான் மாவு களியாச்சு" என்றார் ஜுமாகதிர்.

"நீங்க சும்மா இருங்க. ஒருத்தன் ரெண்டு கோடையா நம்ம பக்கம் தலைகாட்டறதில்ல, அதுக்கு வழி பாருங்க."

அவள் சொன்ன ஒருத்தன் ஓமுர்பேக். ஏரிக்கரையில் அடுத்த கூடாரம் அவனுடையது. ஜுமாகதிரோடு சேர்ந்து வளர்ந்தவன், அண்ணே அண்ணே என்று பின்னாலேயே திரிந்தவன். போன கோடைக்கு முந்தின கோடையில் ஜுமாகதிரின் சாம்பல் நிறப் பொலிகுதிரை, ஓமுர்பேக்கின் பெண்குதிரைகளைத் தன் மந்தையோடு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டது. பொலிகுதிரை செய்கிற வேலைதான் அது. ஆனால் "உன் குதிரைகளுக்கே உன் மந்தை பிடிக்கலடா, நான் என்ன பண்ண" என்று ஜுமாகதிர் ஊர் நடுவே கேலி பேசிவிட்டார். அதிலிருந்து பேச்சு வார்த்தை நின்றது. இரண்டு கூடாரங்களின் நாய்கள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன.

இந்த நிலையில்தான் சம்பந்தி வருகிற சேதி வந்தது. எர்மெக்கின் தங்கை ஜிபெக்கை நாரின் பட்டணத்தில் ஒரு குடும்பத்தில் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கான்ஷாயிம் உறவுக்காரர்களோடு ஏரிக்கரைக்கே வந்து ஜிபெக்கின் காதில் தோடு போட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. தோடு போட்டுவிட்டால் முடிந்தது, அப்புறம் பெண் அவர்கள் வீட்டுப் பெண்.

ஊல்கான் மீரிமைத் தனியே கூப்பிட்டாள்.

"இந்தா பாரு. அந்த அம்மா பட்டணத்துக்காரி. ஒரு ஊசி கோணலா இருந்தாலும் ஊரெல்லாம் சொல்லிடுவா. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் உன் உச்சி மெஷினு மூச்சு விடக்கூடாது. ஒயரைப் புடுங்கிப் போடு."

"சரி அத்தே."

"சரின்னு வாயில சொன்னாப் பத்தாது. அன்னைக்கு மட்டும் ஏதாவது ஆச்சுன்னு வச்சுக்க, இலையுதிர் காலத்துல மலை இறங்கறப்ப அந்தக் குப்பைப் பெட்டி நம்ம லாரியில ஏறாது. இங்கயே கிடந்து பனியில புதையட்டும். சொல்லிட்டேன்."

ஊல்கான் சொன்னால் சொன்னதுதான். அது மீரிமுக்கும் தெரியும், ஏரிக்கும் தெரியும். அவள் அன்றே ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். அவளுக்கு அந்தப் பெட்டியைத் தவிர அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

சம்பந்தி வருகிற நாள் காலையில் மோல்தோ மலை மேல் கறுப்பாக ஒரு மேகம் வந்து உட்கார்ந்தது. அந்த ஒரே மேகத்தை இரண்டு பெண்களும் பார்த்தார்கள். பார்த்து ஆளுக்கொரு காரியம் செய்தார்கள், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி.

ஊல்கான், வெளியே வெட்டவெளியில் முழு ஆடு வேகவிருந்த அண்டாவை, "நனைஞ்சா அடுப்பு அணைஞ்சுடும்டா" என்று எர்மெக்கை விட்டுத் தூக்கி வரச்சொல்லிப் பெரிய கூடாரத்துக்குள்ளேயே தீ மூட்டி முக்காலி அடுப்பில் ஏற்றிவிட்டாள். விருந்தாளிகளுக்குக் குளிருக்கும் ஆச்சு என்று நினைத்தாள்.

மீரிம், எண்ணெயில் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தவள், மேகத்தைப் பார்த்தாள். பட்டணத்துச் சம்பந்தி தலையில் மழை சொட்டினால் அதற்கும் பழி யார் மேல் விழும்? தன் மேல்தான். யாரும் பார்க்காதபோது கூடாரத்தின் பின்பக்கம் போய் ஒயரைப் பேட்டரியில் மாட்டிவிட்டாள். பயம் மட்டுமா அது? மழை வந்து, உச்சி தானே மூடி, எல்லோரும் வாய் பிளந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இருந்தால் என்ன, வயசு அப்படி.

சம்பந்திகள் வந்து இறங்கும்போது மேகம் ஏரியைத் தாண்டிப் போய் வானம் பளிச்சென்று ஆகிவிட்டது. அவரவர் செய்ததை அவரவர் மறந்தே போனார்கள். வாசலில் குதிரைகளும் இரண்டு கார்களும் நின்றன. மீரிம் தலைக்குட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் குனிந்து மரியாதை செய்தாள். ஊல்கான் குமிஸ் ஊற்றினாள். கான்ஷாயிம் உயரமான பெண்பிள்ளை, முதுகு வளையாமல் உட்கார்ந்தாள். கம்பளத்தைத் தடவிப் பார்த்தாள், "கையால செஞ்சதா?" என்றாள். மெத்தைகளை எண்ணுவது போலக் கண்ணை ஓட்டினாள். அண்டா நடுவில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

தோடு போடுகிற நேரம். ஜிபெக் வெள்ளைக் குட்டை போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். எல்லோரும் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று கை ஏந்தி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். கான்ஷாயிம் சின்னப் பெட்டியைத் திறந்து வெள்ளித் தோட்டை எடுத்து ஜிபெக்கின் காதருகே கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்து, ஆடு வெந்துவிட்டதா என்று எர்மெக் அண்டாவின் மூடியைத் தூக்கினான்.

வெள்ளை வெளேரென்று ஆவி எழும்பி நேரே உச்சிக்குப் போனது.

மேலே "கிர்ர்ர்" என்று ஒரு சத்தம். மீரிமுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவள் கையிலிருந்த தட்டு நழுவியது. உச்சியில் இருந்த வட்ட வெளிச்சம் பாதியாகி, கீற்றாகி, இல்லாமல் போனது. கூடாரம் இருண்டது. வெளியே போகவேண்டிய புகை திரும்பிக் கீழே இறங்கியது.

"என்னது! என்னது!" என்று யாரோ இருமினார்கள். "தோடு! தோடு விழுந்துடுச்சு!" என்று கான்ஷாயிமின் குரல். எர்மெக் கயிற்றில் தொங்கினான். அது அசையவில்லை, அந்த மோட்டார் பிடித்தால் பிடித்ததுதான், ஊல்கான் மாதிரி. ஆண்களும் பெண்களுமாகத் தட்டுத் தடுமாறி வாசல் வழியாக வெளியே விழுந்தார்கள். எல்லோர் கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். பெண்கள் தலைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது ஓமுர்பேக் பக்கம் வருவோம். அவன் தன் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து, கோபமிருந்தாலும் அந்த வீட்டு விருந்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். நட்டநடுப் பகலில், வெயில் காயும்போது, ஜுமாகதிர் வீட்டுத் துந்துக் மூடுவதைப் பார்த்தான். நல்ல பகலில் எவன் உச்சியை மூடுவான்? வீட்டில் பெருந்துக்கம் என்றால்தான் மூடுவார்கள். வாசலில் வேறு அத்தனை குதிரைகள் கட்டியிருக்கின்றன. இப்போது உள்ளேயிருந்து ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். பெண்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், ஒரே ஒருத்தரைத் தவிர. ஜுமாகதிர் மட்டும் வரவில்லை.

அவனுக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? தாவிக் குதிரை மேல் ஏறினான். அந்த ஊர் ஆட்கள் சாவு வீட்டுக்குப் போகிற முறைப்படி, குதிரையை விரட்டிக்கொண்டு, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, வாய்விட்டுக் கதறிக்கொண்டு வந்தான்.

"ஐயோ என் அண்ணே! என் மலையே, சாஞ்சிட்டியே! பனிக்காத்துல நான் மாட்டினப்ப போட்டிருந்த தோல் கோட்டைக் கழட்டி எனக்குப் போத்தினவனே! நீ குளிருல நடுங்கிக்கிட்டு நடந்தியே! ஒரு குதிரைப் பேச்சுக்காக ரெண்டு கோடையா உன் முகத்தைப் பார்க்காம வீம்பு புடிச்சேனே, பாவி! இனிமே யாரை அண்ணேன்னு கூப்பிடுவேன்!"

சம்பந்திகள் திகைத்துப் போனார்கள். ஓமுர்பேக் குதித்து இறங்கினான். கண்ணில் நீர் மறைக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. முறைப்படி வீட்டு ஆண்களைக் கட்டிக்கொண்டு அழவேண்டும். எர்மெக்கைக் கட்டிக்கொண்டு அழுதான். "ஐயா, இது வந்து..." என்றான் எர்மெக். யார் கேட்டது? அவனை விட்டுவிட்டு அடுத்து நின்றவரைக் கட்டிக்கொண்டான். அவர் அப்போதுதான் புகைக்குள்ளிருந்து முட்டிபோட்டுத் தவழ்ந்து வந்து எழுந்து நின்றவர். முகமெல்லாம் கரி. கைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என் அண்ணன் தங்கமான மனுஷன்யா! அவன் மாதிரி ஒருத்தன் இந்த ஏரியைச் சுத்தி உண்டா?" என்று அவர் தோளில் முகத்தைப் புதைத்து ஓமுர்பேக் கதறினான்.

"இல்லதான்" என்றார் அவர். "இன்னும் கொஞ்சம் சொல்லு."

ஓமுர்பேக் அழுகையை நிறுத்தினான். மெல்லத் தலையைத் தூக்கினான். கரிக்கு நடுவே ஜுமாகதிரின் கண்கள் அவனைப் பார்த்தன. அவையும் நனைந்திருந்தன, பாதி புகையால்.

"அண்ணே... நீ சாகலியா?"

"சாகலாம்னுதான்டா பார்க்கறேன். இவ்வளவு பேச்சு கிடைக்கும்னு தெரிஞ்சிருந்தா போன வருஷமே செத்திருப்பேன்."

"அப்ப உச்சிய ஏன்யா மூடின!"

"நானா மூடினேன்? அத விடு. அந்தக் கோட்டு விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கா? நான் மறந்தே போயிட்டேன்டா." அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குதிரைங்களப் பத்தி நான் அன்னைக்குச் சொன்னது..."

"குதிரை கிடக்குது" என்றான் ஓமுர்பேக். மறுபடியும் கட்டிக்கொண்டான். இந்தத் தடவை முறைக்காக அல்ல.

ஜுமாகதிர் கையை விரித்தார். வெள்ளித் தோடு. புகைக்குள் கம்பளம் முழுக்கத் தடவித் தடவி எடுத்திருக்கிறார்.

மீரிம் இதையெல்லாம் பார்க்கவில்லை. கூடாரத்தின் பின்பக்கம் பேட்டரியின் முன் குந்தியிருந்தாள். ஒயரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, கயிறு இறுகியபடியே இருக்கும். இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டினாள். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கியது. கயிறு தளர்ந்தது. "ஆவிதான், அண்டா ஆவி. அதை நான் யோசிக்கவே இல்ல" என்று அவள் தனக்குள் பேசிக்கொண்டாள். நிமிர்ந்தால் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டிருந்தாள்.

ஊல்கான் திரும்பி முன்பக்கம் போனாள். மீரிமும் பின்னாலேயே போனாள். பெட்டி போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முன்னால் கான்ஷாயிம் கண்ணைக் கழுவிக்கொண்டு நின்றாள். எர்மெக் வாய் உளறி மெஷினைப் பற்றிச் சொல்லிவிட்டிருந்தான்.

"கயிறு இழுக்கறதுக்குக்கூட மெஷினா?" என்றாள் அவள். "எங்க நாரின்லயும் சோம்பேறி மருமகளுங்க உண்டு. ஆனா துந்துக் கயிறு இழுக்கக் கை நோகறவளை இப்பத்தான் பாக்கறேன். ஜிபெக்கும் இதையெல்லாம் கத்துக்கிட்டுத்தான் எங்க வீட்டுக்கு வருவாளோ?"

ஊல்கானின் முதுகு நிமிர்ந்தது. அவள் இடுப்பில் கை வைத்தால் வீட்டில் எல்லோரும் ஓரமாகப் போய்விடுவார்கள். இப்போது இரண்டு கையையும் வைத்தாள்.

"சம்பந்தி, எங்க மருமக ஏரி முழிக்கறதுக்கு முன்னாடி எழுந்திருச்சு அந்தக் கயித்த இழுக்கறவ. நாங்க யாரும் இல்லாதப்ப மழை வந்தா மூடறதுக்குத்தான் மெஷினு. அண்டாவ உள்ள தூக்கி வைக்கச் சொன்னது நான். ஆவி அடிச்சா அது மழைன்னு நினைச்சுக்கிச்சு. அதுக்கு என்ன கண்ணா இருக்கு? அடுத்த கோடைக்கு வாங்க. ஆவிக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியற மாதிரி செஞ்சு வச்சிருப்பா. நீங்களே உங்க கூடாரத்துக்கு ஒண்ணு கேப்பீங்க, பாருங்க."

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல..."

"சொன்னீங்க. என் மருமகளைத் திட்டறதுக்கு வீட்டுல ஆள் இருக்கு. நான் இருக்கேன். வெளி ஆள் வேண்டாம்."

ஜிபெக் அழுவதற்குத் தயாராக உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கான்ஷாயிம் ஊல்கானை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஜுமாகதிரின் கரிக்கையிலிருந்த தோட்டை எடுத்து, தன் பாவாடையில் துடைத்தாள்.

"காதைக் காட்டு பொண்ணு" என்றாள்.

வெளியே, வெயிலில், ஏரி பார்க்கத் தோடு ஏறியது. சம்பந்திகள் உறவு கூடியதற்கு அடையாளமாக ஒருவருக்கொருவர் ஈரலும் வால்கொழுப்பும் ஊட்டிக்கொண்டார்கள். ஓமுர்பேக்குக்கு மரியாதையாக ஆட்டுத்தலையைக் கொடுத்து நடுவில் உட்கார வைத்தார்கள். செத்தவரே பரிமாறுகிற சாவு விருந்து இதுதான் என்று அவன் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டான். புறப்படும்போது கான்ஷாயிம் மீரிமின் பக்கத்தில் வந்து, மெதுவாக, "எங்க மாட்டுக்கொட்டகையில தண்ணித் தொட்டி ரொம்பி ரொம்பி வழியுது. அதுக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்று மீரிம் தலையை ஆட்டினாள்.

ஆனால் பெட்டி?

ஊல்கான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கோடை முடிகிறவரை திறக்கவில்லை. அவள் பாடு அவளுக்குத்தான் தெரியும். பெட்டி லாரியில் ஏறாது என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த கோடைக்கு வந்து பாருங்கள் என்று சம்பந்தியிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டும் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். சொன்ன வார்த்தையை விழுங்கிப் பழக்கமில்லாதவள் எதை விழுங்குவாள்? ஜுமாகதிர் ஒருமுறை, "விடேன் ஊல்கான், சின்னப் பொண்ணு" என்று ஆரம்பித்தார். "சொன்னது சொன்னதுதான்" என்று முறைத்தாள். அவர் ஓமுர்பேக் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் அங்கேதான் கிடப்பு.

மீரிம் கேட்கவில்லை. கெஞ்சவும் இல்லை. அவளும் லேசுப்பட்டவள் அல்ல. பிளாஸ்டிக் மூடியிலிருந்த கம்பிகளை மட்டும் கழற்றி, ஒரு நீளக் கழியின் நுனியில் கட்டி, கூடாரத்தைவிட்டுத் தள்ளி, ஆவி எட்டாத இடத்தில் நட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்டாவில் தண்ணீர் கொதிக்கவிட்டு மூடியைத் தூக்கினாள். உச்சி அசையவில்லை. ஒரு குவளைத் தண்ணீரைக் கழி மேல் வீசினாள். மூடிக்கொண்டது. ஊல்கான் பால் கறந்துகொண்டே பார்த்தாள். பார்க்காதது போலப் பார்த்தாள்.

மலை முகட்டில் முதல் பனி விழுந்ததும் கூடாரங்களைப் பிரித்தார்கள். லாரி வந்தது. கழிகள், கம்பளங்கள், அண்டா, மெத்தை எல்லாம் ஏறின. மீரிம் தன் பெட்டியிலிருந்து பட்டு மெத்தைகளை எடுத்து லாரியில் போட்டாள். ஒயரும் மோட்டாரும் கிடந்த பெட்டியை மூடி, கூடாரம் இருந்த வட்டத்தில், புல் மஞ்சளாகிப்போன இடத்திலேயே விட்டாள். வைப்பர் மோட்டாரை மட்டும் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போகலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

எர்மெக் லாரியைச் சுற்றிக் கயிறு கட்டினான். அவன் பெட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான்.

ஊல்கான் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். கை காட்டி, அடுத்த லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஓமுர்பேக்கைக் கூப்பிட்டாள்.

"டேய் தம்பி! உன் வண்டியில எடம் இருக்கா?"

"எவ்வளவு வேணும் அண்ணி?"

"ஒரு பெட்டிக்கு. ஒரு ஆளுக்கும்."

மீரிம் மாமியாரைப் பார்த்தாள்.

"ஏன் அப்படிப் பாக்கற?" என்று ஊல்கான் அவள் பக்கம் திரும்பினாள். "நம்ம லாரியில ஏறாதுன்னுதான் சொன்னேன். ஏறல. ஓமுர்பேக் லாரியப் பத்தி நான் என்னைக்காவது ஏதாவது சொன்னேனா? போ, ஒரு பக்கம் புடி. ஒத்தையா நான் தூக்க முடியுமா, இந்தக் கனம் கனக்குது."

மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஓமுர்பேக் மேலே இழுத்துக்கொண்டான். ஊல்கான் தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து, சாலைத் தூசு படாமல் பெட்டியின் மேல் போர்த்தினாள். மீரிம் பின்னால் ஏறிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, புகை எதுவும் இல்லாமலேயே.

வண்டிகள் கிளம்பின. கணவாயின் வளைவில் ஊல்கான் முன் லாரியின் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக் கத்தினாள்.

"டேய் ஓமுர்பேக்கு! பள்ளம் பார்த்து ஓட்டுடா! உள்ள மோட்டாரு இருக்கு!"